நகர மன்றத்திலிருந்து சட்டசபைக்கு



சென்னைக்குச் சென்று வருவோர் ‘டி. நகர்’ என்னும் பெயரைக் கேளாமல் திரும்புவதில்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தெருவைக் கடப்பதும் ஆற்றைக் கடப்பதும் ஒன்றே. அப்பெயரில் உள்ள ‘டி’ என்ற எழுத்து யாரைக் குறிக்கிறது என்று ஒருமுறை வகுப்பில் வினவினேன். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளை என்று ஒரு மாணவன் விடையிறுத்தான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு ஒருவர் பெயரைச் சூட்டிவிட்டு, பின்னர் அப்பெயரையும் ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டால், பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்?

சர் பிட்டி தியாகராயச் செட்டியாரே அந்தத் தியாகராயர். 1920களின் தொடக்கம்வரை மாம்பலத்து ஏரியாய்க் கிடந்த நிலத்தைத் தூர்த்துப் புதியதொரு நகர்ப்பகுதியை அமைத்தபோது, அதற்கு அவர் பெயரை இட்டனர். நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் பணியாற்றியவர், சட்டசபைக்கும் சென்றவர் அவர். அங்கே முதன்மை அமைச்சர் பதவி தம் கைக்கு எட்டியபோது அதனை வேண்டாம் என்று தள்ளியவரும் அவரே. அச்செய்கையை எல்லாரும் புகழ்வர். நானும் மாணவப் பருவத்தில் அதனை வியந்ததுண்டு. வயது ஏற ஏற, அந்த மறுப்பினால் வந்த நட்டம் என்ன என்ற கேள்வியும் என் உள்ளத்தில் எழுந்துகொண்டே இருக்கிறது.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தெலுங்கு பேசும் தேவாங்க நெசவாளர் குடும்பத்தில் தோன்றினார். நெசவோடு தோல் பதனிடுதலும் உப்பு வாணிகமும் அக்குடும்பத்தின் தொழில்கள். 1876இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பி.ஏ. தேறியவர் கச்சேரியில் ஓர் உத்தியோகம் தேடிக்கொள்வர். அல்லது சட்டம் படித்துக் கறுப்பு அங்கி அணிவர். இவரோ வண்ணாரப்பேட்டைத் தறிகளிடமே திரும்பினார். கையால் நாடாவை எறிந்து நெய்த பழைய தறிக்கு மாறாக, கயிற்றைச் சுண்டியவுடன் நாடா தானே ஓடும் புதுத்தறியை இங்கே பரப்பியவர்களுள் அவர் ஒருவர். தென்னிந்திய வர்த்தக சங்கத்தை 1909இல் நிறுவியோருள்ளும் ஒருவர். எப்போதும் தூய வெள்ளுடையே அணிந்தமையால் ‘வெள்ளுடை வேந்தர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

1882ஆம் ஆண்டு அவர் மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினரானார். தல சுயாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை ரிப்பன் பிரபு வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சென்னை மாநகராட்சி 1688இல் ஏற்பட்டது. இந்தியாவில் அதற்கு மூத்த மாநகராட்சி இல்லை. ஆயினும் அந்நாளில் அதன் தலைவர் அரசாங்கம் அமர்த்திய அதிகாரியே. வரி செலுத்துவோருக்கு மட்டுமே வாக்கு. உறுப்பினர் பேசலாம், வினவலாம், எதிர்க்கலாம். முடிவில் அதிகாரியின் கையெழுத்தே செல்லும். இத்தகைய மன்றத்தில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்றால் அவரிடம் பொறுமை எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! அத்தனை ஆண்டுகளிலும் ஒரே ஒரு கூட்டத்திற்குத்தான் அவர் செல்லவில்லை என்று அவர் வரலாறு கூறுவோர் குறிப்பர்.

நகர மன்றத்தில் என்ன பேசுவார்கள்? நாட்டு விடுதலையைப் பற்றியன்று, சாக்கடையைப் பற்றி. விளக்குக் கம்பம், குப்பை வண்டி, சுடுகாட்டுச் சுவர், வீட்டு வரி, தண்ணீர். தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1872 முதல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து குழாய்களில் நகருக்குள் சென்றது. வடிகட்டாத நீர் அது. வயிற்றுப்போக்கும் வாந்திபேதியும் நகரை விட்டு நீங்காதிருந்ததில் வியப்பென்ன? கீழ்ப்பாக்கத்தில் மணற்படுகையிட்டு நீரை வடிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது 1914இல். குழாயைத் திறந்தால் தெளிந்த நீர் வரும் என்ற நிலைக்குச் சென்னை வந்து சேர நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அக்காலத்தின் பெரும்பகுதியைத் தியாகராயர் மன்றத்தில் இருந்தே கண்டார். ஒரு காரியம் தீர்மானமாகி, மதிப்பீடாகி, பணமாகி, பின்னர் குழாயாகித் தெருவில் இறங்குவதற்குள் எத்தனை படிகள் என்பதை அவர் அளவு அறிந்தவர் அம்மாகாணத்தில் சிலரே இருந்திருப்பர்.

அம்மன்றத்தில் அவருக்கு வலிமை மிக்க எதிரி ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் டி. எம். நாயர், எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர், சொல்லில் வெட்டும் கூர்மையும் உடையவர். திருவல்லிக்கேணிக் கோயிற்குளத்துக்கு மாநகராட்சித் தண்ணீரை விடுவது பற்றி எழுந்த வழக்கில் இருவரும் கடுமையாக மோதிக்கொண்டனர். விலையின்றி விடலாகாது என்றார் நாயர். தியாகராயர் எதிரணியில் நின்றார். ஒரு குளத்துத் தண்ணீருக்காக இரு பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டார்களா என்று நீங்கள் நகைக்கலாம். நகர மன்றங்களின் இயல்பே அப்படி. சிறிய பொருளில்தான் பெரிய கொள்கை ஒளிந்திருக்கும்.

இவ்விருவரையும் ஒன்றுசேர்த்தவர் டாக்டர் சி. நடேசனார். வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்குத் தங்க இடம் இல்லாதிருந்த நிலையைக் கண்டு விடுதி நடத்தியவர் அவர். 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் வேப்பேரியில் வழக்கறிஞர் எத்திராச முதலியார் இல்லத்தில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றியது. பழைய பகைவர் இருவரும் அங்கே ஒரே விரிப்பில் அமர்ந்தனர். அடுத்த மாதம் ‘பார்ப்பனரல்லாதார் அறிக்கை’ தியாகராயர் பெயரால் வெளிவந்தது. அரசுப் பணிகளிலும் மன்றங்களிலும் மக்கள் தொகையில் மிகச் சிலராய் உள்ள ஒரு வகுப்பாரே நிறைந்திருப்பதை அது எண்களைக் காட்டி எடுத்துரைத்தது. 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளிதழ் தொடங்கியது. இதழின் பெயரே மக்கள் வாயில் கட்சியின் பெயராகி, நீதிக்கட்சி என்று ஆயிற்று. தியாகராயர் அதுவரை காங்கிரஸ்காரர் என்பதை மறந்துவிடலாகாது. அவர் அறுபத்து நான்காம் வயதில் கட்சி மாறினார். அந்த வயதில் மனிதர்கள் வழக்கமாக மூக்குக் கண்ணாடியைத்தான் மாற்றுவார்கள்.

1919இல் இரு சட்டங்கள் வந்தன. சென்னை நகராட்சிச் சட்டம் ஒன்று. அதன்படி மன்றத்தின் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாயினர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவர் தியாகராயர். மற்றொன்று இந்திய அரசாங்கச் சட்டம். ‘இரட்டையாட்சி’ என்று நீங்கள் தேர்வுக்குப் படிப்பது அதனையே. கல்வி, பொதுச் சுகாதாரம், தல சுயாட்சி முதலிய துறைகள் மக்கள் பிரதிநிதிகளாகிய அமைச்சர்களிடம் வந்தன. நிதியும் காவலும் நிலவரியும் ஆளுநரின் ஆலோசகர்களிடமே தங்கின. சுருங்கச் சொன்னால், சமையற்காரரை ஒரு வீட்டில் வைத்து, அரிசிப் பானையை அடுத்த வீட்டில் பூட்டிவைத்த ஏற்பாடு.

1920ஆம் ஆண்டில் தியாகராயர் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. முன்னதை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். நான் அதனிடத்தில் சற்றுத் தங்கவே விரும்புகின்றேன்.

ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்த பிள்ளைகள் ஏழைகள். வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கு வாராது, வந்தாலும் நில்லாது. இதனால் பள்ளியின் மாணவர் தொகை பெரிதும் குறைகிறது என்பதைத் தியாகராயர் மன்றத்தில் எடுத்துக் கூறினார். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட்டுச் சிற்றுண்டி அளிக்க மன்றம் இசைந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குச் சென்றது. சுகாதார அதிகாரி அதனை நேரில் கண்காணித்தார். 1922-23இல் அப்பள்ளிகளில் 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671 பிள்ளைகள். ஈராண்டில் இரட்டிப்பு!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடங்களில் உழன்றவன் நான். சத்துணவுப் பதிவேட்டில் நாள்தோறும் கையெழுத்திட்டவன். முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேட்டின் கட்டங்கள் எவ்வாறு நிரம்பும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கின்றேன். சித்திரை வெயிலில், உணவு இல்லாத அரைநாள் பள்ளியன்று அதே கட்டங்கள் எவ்வாறு வெறுமையாகும் என்பதையும் கண்டிருக்கின்றேன். ஆகவே அந்த 811-ம் 1,671-ம் எனக்கு வெறும் எண்களாகத் தோன்றவில்லை. இந்த விதி எந்தக் கல்வி நூலிலும் இல்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்தும் முறைகளையெல்லாம் கற்பித்தார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் நடத்தும் முறையைக் கற்பிக்கவில்லை. வண்ணாரப்பேட்டை நெசவுத் தொழிலதிபர் ஒருவர் அதனை எங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்.

இரண்டாவது நிகழ்ச்சி தேர்தல். 1920 நவம்பர் இறுதியில் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர். ஒத்துழையாமையை மேற்கொண்ட காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிட்டின. தியாகராயர் சென்னை நகரின் உறுப்பினராகச் சட்டசபை புகுந்தார். ஆளுநர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்து, அமைச்சரவை அமைக்குமாறு வேண்டினார். அவர் இசையவில்லை. கடலூர் வழக்கறிஞர் சுப்பராயலு ரெட்டியாரை முதன்மை அமைச்சராக்கச் செய்தார். உடல்நலக் குறைவால் ரெட்டியார் 1921 ஜூலையில் விலகவே, பனகல் அரசர் அவ்விடத்திற்கு வந்தார்.

ஏன் மறுத்தார்? பதவிக்காகவே கட்சி கண்டார் என்ற பழி சேரலாகாது என்று கருதினார் என்பர். அது மெய்யாக இருக்கலாம். அவர் இயல்புக்குப் பொருந்துவதே. அறுபத்தெட்டு வயது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ரிப்பன் மாளிகையில் தாம் நினைத்ததைத் தீர்மானமாக்கித் தெருவில் இறக்கிவிட முடியும். கோட்டையில் நிதியைக் கையில் வைத்திருப்பவர் வேறொருவர் என்ற கணக்கு அவர் உள்ளத்தில் ஓடியிருக்குமோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இது என் ஊகமே; வரலாறாகக் கொள்ளாதீர்கள்.

கட்சியின் தலைவராக அவர் சட்டசபையில் அமர்ந்திருந்த காலத்தில் பெரிய செயல்கள் நடந்தன. 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கச் சட்டசபை முடிவு செய்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதனை முதலில் செய்தது சென்னையே. அதே ஆண்டு செப்டம்பரில் அரசுப் பணிகளில் பல வகுப்பாருக்கும் இடம் கிடைக்க வழிசெய்யும் ஆணை பிறந்தது. இன்று நாம் பேசும் இடஒதுக்கீட்டின் வேர் அதிலிருந்து வருகிறது. இவற்றிலெல்லாம் கையெழுத்து அமைச்சர்களுடையது. பின்னால் நின்ற கை தியாகராயருடையது. பதவி இல்லாமல் அதிகாரம் செலுத்தும் இம்முறை எல்லாருக்கும் உவப்பாக இருக்கவில்லை. கட்சித் தலைமை யாரையும் கலப்பதில்லை என்று சி. ஆர். ரெட்டி முதலியோர் குறைகூறிப் பிரிந்தனர். அவர்களது குறை முழுதும் ஆதாரமற்றது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அமைச்சர் தவறினால் சட்டசபை அவரைக் கேட்கலாம். அமைச்சரை அமர்த்தியவரை யார் கேட்பது?

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1921இல் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். மற்றவர் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்களும் அவர்தம் இதழும், தொழிலாளர் நலத்துறை ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறி இடங்கொடுத்ததே காரணம் என்று பழிசுமத்தினர். ஒடுக்கப்பட்டோருக்காகத் தோன்றியதாகக் கூறிக்கொண்ட கட்சி, தன்னினும் கீழே ஒடுக்கப்பட்டவர் தலையெடுத்தபோது முகம் சுளித்தது. கட்சியின் தலைவராயிருந்த தியாகராயரை இந்தப் பொறுப்பிலிருந்து நாம் விடுவிக்க இயலாது. ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு நீங்கினார். ஆயிரம் விளக்கில் ஏழைப் பிள்ளையின் பசியைக் கண்ட கண், புளியந்தோப்பில் எரிந்த குடிசையை ஏன் அவ்வாறு காணவில்லை? நான் விடை அறியேன். ஒரு மனிதரிடத்திலேயே இவ்விரண்டும் இருந்தன.

1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயர் அவரை வரவேற்றாக வேண்டும். அரசவைக்கு உரிய உடையில் வரவேண்டும் என்ற விதியை அவர் ஏற்கவில்லை என்றும், வழக்கமான வெள்ளுடையிலேயே வர ஆளுநர் இசைவளித்தார் என்றும் சொல்வதுண்டு. கதை இனியதுதான். ஆனால் அதே நாளில் நகரில் காங்கிரஸ் கடையடைப்பு நடத்தியது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். உடையில் விட்டுக்கொடாதவர், வரவேற்பில் விட்டுக்கொடுத்தார் என்று அந்நாளைய தேசபக்தர்கள் ஏசினர்.

1923 தேர்தலில் நீதிக்கட்சியின் வலிமை குறைந்தது. சட்டசபை கூடியவுடன் சி. ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியச் சட்டசபைகளில் அத்தகைய தீர்மானம் அதுவே முதலாவது. ஆதரவு 44, எதிர்ப்பு 65 என்று அது தோற்றது. பனகல் அரசர் ஆட்சி தொடர்ந்தது; தியாகராயர் சட்டசபையிலும் கட்சியின் தலைமையிலும் தொடர்ந்தார்.

இப்போது அந்த ஓர் அணாவுக்குத் திரும்புவோம். ஐந்து பள்ளிகளுக்கும் ஆன சிற்றுண்டிச் செலவு, 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. கல்விக்கான நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசாங்கம் தடுத்தது. தடை நடைமுறைக்கு வந்த நாள் 1925 ஏப்ரல் 1. அரசாங்கம் என்றால் யார்? முதன்மை அமைச்சர் பனகல் அரசர். கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோ. இருவரும் நீதிக்கட்சியினர், தியாகராயர் தலைமையை ஏற்றவர்கள். நகர மன்றத்தில் அவர் இட்ட அடுப்பை, அவர் வளர்த்த கட்சியின் ஆட்சியிலேயே கணக்குத் துறையார் அணைத்தனர். அவர் முதன்மை அமைச்சராக இருந்திருந்தால் அந்தக் கோப்பு அப்படிக் கடந்திருக்குமா என்று கேட்பவர் கேட்கலாம். நிதித்துறை அப்போதும் வேறொருவர் கையில்தான் இருந்திருக்கும் என்று விடை கூறுபவர் கூறலாம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. உங்கள் வகுப்பில் சொற்போர் நடத்த இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

அம்மாதம் 28ஆம் நாள் தியாகராயர் காலமானார். எழுபத்து மூன்று ஆண்டுகள் நிறைந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

மாநகராட்சி உறுப்பினர்கள் விடவில்லை. உணவு நின்றதால் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று மன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பினர்; சில ஆண்டுகளில் உணவும் திரும்பியது. பின்னர் 1956இல் காமராசர் அதனை மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றதையும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததையும், 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்ததையும் நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் உண்டும் இருப்பீர்கள். அடுத்த முறை சென்னைக்குச் செல்லும்போது, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியவுடன் அருகிலுள்ள ரிப்பன் மாளிகைக்கு ஒரு நடை சென்று வாருங்கள். முன்புறத்தில் தியாகராயரின் சிலை நிற்கிறது. மாளிகைக்குள் செல்லும் உறுப்பினர்கள் அதனைக் கடந்துதான் செல்கிறார்கள்.